விண்ணப்பத்தைத் தொடரும் ஆவணங்கள்: காப்புரிமைச் சட்ட வரலாறும் வட சென்னைத் தொழிற்பகுதியும்

முன்னுரை

காப்புரிமை பற்றிய ஆய்வுகளில் விண்ணப்ப நாளே பெரிதும் பேசப்படுகிறது. முன்னுரிமையை உறுதிசெய்வது அந்நாளே. ஆயினும், கண்டுபிடிப்பாளர் பெறும் தனியுரிமைக்கு ஈடாகச் சமூகம் பெறும் அறிவு, விண்ணப்பத்திற்குப் பின் அளிக்கப்படும் ஆவணங்களிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. இந்தியச் சட்டம் அவ்வாவணங்களுக்குக் காலவரம்பு விதித்து வந்ததன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1856: மனுவும் விவரக்குறிப்பும்

புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தனியுரிமை வழங்கும் சட்டம் 1856 பிப்ரவரி 28 அன்று இந்தியாவில் இயற்றப்பட்டது. மார்ச் 3 அன்று கல்கத்தாவைச் சேர்ந்த கட்டடப் பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங், பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றிற்குத் தனியுரிமை கோரி மனு அளித்தார். அதன் விவரக்குறிப்பையும் வரைபடங்களையும் அவர் செப்டம்பர் 2 அன்றுதான் அளித்தார். அவை ஏற்கப்பட்ட பின்னரே உரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் முதல் காப்புரிமையே இவ்வாறு தொடர் ஆவணத்தால் நிறைவுற்றது.

அந்த ஆறு மாத இடைவெளியில்தான், ஜூலை 1 அன்று, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் இரயில் சேவை தொடங்கியது. வட சென்னையின் தொழில் வரலாறும் இந்தியக் காப்புரிமை வரலாறும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. பிரிட்டிஷ் முடியரசின் முன் ஒப்புதல் இன்றி இயற்றப்பட்டதால் 1856ஆம் ஆண்டுச் சட்டம் 1857இல் நீக்கப்பட்டது. 1859இல் திருத்தங்களுடன் மீண்டும் இயற்றப்பட்டது.

இரு நிலை விவரக்குறிப்பு

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்புரிமை அலுவலகம் கல்கத்தாவில் இயங்கியது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பையும், ஒன்பது மாதங்களுக்குள் முழுமையான விவரக்குறிப்பையும் அளிக்க 1945ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. கருத்துக்கு ஒரு நாளையும், அதனைச் சோதித்துச் செம்மைப்படுத்த ஒரு தவணையையும் இம்முறை தந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியாவும் உருவாயின. முன்னது ஆஸ்டின் கார்களையும், பின்னது இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு புல்லட் வண்டிகளையும் பொருத்தித் தொடங்கின. உற்பத்தி இங்கு நிகழ்ந்தாலும் வடிவமைப்பு அயலகத்தில் பிறந்தது. காப்புரிமைகளிலும் பெரும்பான்மை அயல்நாட்டவர் வசமே இருந்ததை நீதிபதி என். இராஜகோபால அய்யங்கார் தம் 1959ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டினார். அதே கண்டுபிடிப்பிற்குப் பிற நாடுகளில் செய்யப்பட்ட விண்ணப்பங்களின் நிலையை இந்திய அலுவலகம் அறிய வேண்டும் என்ற அவரது கருத்து, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவாக வடிவம் பெற்றது.

தவறினால் நேர்வது

இப்பிரிவின் வலிமையைக் கெம்துரா வழக்கு காட்டுகிறது. இரயில் சரக்குப் பெட்டிகளின் பக்கத் தாங்கி தொடர்பான காப்புரிமையில், அயல்நாட்டு விண்ணப்பங்களின் பிந்தைய விவரங்கள் அளிக்கப்படாததைக் கருத்திற்கொண்டு தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் இடைக்காலத் தடையை விலக்கியது. எனினும் இத்தகைய பிழையால் மட்டும் காப்புரிமை தானாக இரத்தாகிவிடாது என்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2014இல் பிலிப்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. தவறு தற்செயலானதா, உண்மையை மறைப்பதா என்பது ஆராயப்பட வேண்டியதாயிற்று.

9ஆம் பிரிவு இத்தகைய நெகிழ்வு அற்றது. தற்காலிக விவரக்குறிப்பு அளித்த 12 மாதங்களுக்குள் முழுமையான விவரக்குறிப்பு வராவிடில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இன்று கட்டணச் சலுகை உண்டு. இக்கெடுவில் சலுகை இல்லை. சட்டத்துறை வைத்துள்ள பெருநிறுவனத்திற்கும் திருவொற்றியூரின் சிறு பட்டறைக்கும் நாள்காட்டி ஒன்றே.

முடிவுரை

தொடர் ஆவணங்கள் வெறும் அலுவலக நடைமுறைகள் அல்ல. 1856இன் வரைபடங்கள் முதல் இன்றைய அயல்நாட்டு விண்ணப்ப விவரங்கள் வரை, அவை கண்டுபிடிப்பாளர் பொதுமக்களுக்குச் செலுத்தும் கடன். அக்கடனுக்குச் சட்டம் தவணை விதிப்பது நியாயமே. ஆனால் அத்தவணையை அறியும் வாய்ப்பு சமமாக இல்லாத இடத்தில், விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு பகுதியின் கண்டுபிடிப்பு வளத்தை அளவிட இயலாது. அவற்றுள் எத்தனை முழுமையான விவரக்குறிப்பை எட்டின என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.