இரவல் போய்த் திரும்பிய நீல வைரம்

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரத்தின் எடை 45.52 காரட். கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் கல் அது. பிரெஞ்சு வணிகர் தவெர்னியே அதை இந்தியாவில் வாங்கி, 1668-இல் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். 1673-இல் மன்னர் அதற்குப் புதிதாகப் பட்டை தீட்டச் செய்தார். பின்னர் பதினைந்தாம் லூயியின் பதக்கத்தில், 'கோத் த பிரெத்தாஞ்' என்ற சிவப்புக் கல்லோடு அது பதிக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், அரச கருவூலத்திலிருந்து களவு போனது.

1812-இல் லண்டனில் ஒரு நீல வைரம் வெளிப்பட்டது. அளவில் சிறியது, வெட்டும் வேறு. ஹோப் குடும்பத்திடம் இருந்து பெயர் பெற்றது. பல கை மாறி, 1949-இல் நியூயார்க் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டனிடம் வந்தது. 1958-இல் அவர் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாக்கினார்.

1962-இல் பாரிஸின் லூவர், பத்து நூற்றாண்டுப் பிரெஞ்சு நகைகளின் கண்காட்சிக்காக அதை இரவல் கேட்டது. ஸ்மித்சோனியன் தயங்கியது. அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி கேட்டுக்கொண்ட பிறகே இசைந்தது. காப்பாளர் ஜார்ஜ் சுவிட்சர், தம் மனைவி தைத்துக் கொடுத்த வெல்வெட் பையில் வைரத்தை இட்டு, கால்சட்டைப் பைக்குள் ஊக்கால் குத்திக்கொண்டு விமானம் ஏறினார். சிவப்புக் கல் ஏற்கெனவே லூவரின் உடைமை. 170 ஆண்டுக்குப் பின் இரண்டு கற்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. ஒரு மாதக் காட்சி முடிந்ததும் வைரம் சொன்னபடி வாஷிங்டன் திரும்பியது.

களவுபோன கல்லை வெட்டியே ஹோப் வைரம் உருவானது என்பது, 2007-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடைத்த ஈய வார்ப்பால் உறுதியானது. இது தெரிந்தபின் அந்த ஒரு மாத இரவலின் மதிப்பு என் மனத்தில் இன்னும் உயர்கிறது. விற்பனையும் களவும் கல்லை அதன் இடத்திலிருந்து பிரித்தே வைத்தன. உரிமைச் சண்டை எதுவும் இல்லாமல் அதைப் பாரிஸ் மக்களின் கண்முன் கொண்டுவந்தது இரவல்தான்.

அதன்பின் 1965-இல் ஜோகன்னஸ்பர்க், 1984-இலும் 1996-இலும் நியூயார்க் என மூன்று முறை அது வெளியே சென்றது. இந்தியாவுக்கு வரவில்லை. கொல்லூர் உள்ளிட்ட கோல்கொண்டாச் சுரங்கங்களின் வைரங்களை மண்ணிலிருந்து தோண்டியெடுத்தவர்களின் வழிவந்தவர்களும் பார்க்கும்படி, ஒரு மாதம் ஐதராபாத்துக்கு அதை இரவல் தர வேண்டும். நம் அருங்காட்சியகங்கள் உரிய பாதுகாப்போடு முன்வந்து கேட்கட்டும்.