சோமம் என்றொரு மாத்திரை

'இறுக்கம்' என்னும் சொல்லைக் கயிற்றுக்கும் சொல்கிறோம், கழுத்துத் தசைக்கும் சொல்கிறோம், மனத்துக்கும் சொல்கிறோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே சொல் பொதுவாக நிற்பது மொழியின் வசதி மட்டும்தானா, அன்றி அனுபவத்தில் விளைந்த அறிவா? மருத்துவ வரலாற்றில் இக்கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விடை வந்தது. முதுகுப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் தசைத் தளர்த்தி மாத்திரைகளின் வரலாறே அது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தசையைத் தளர்த்தும் மருந்துகளுள் இரு குலங்கள் உண்டு. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சிலிருந்து வந்தது ஒன்று. நரம்பு தசையைத் தொடும் இடத்திலேயே கட்டளையை அது மறித்துவிடும். 1942இல் மான்ட்ரியாலில் ஹாரால்ட் கிரிஃபித் அறுவை சிகிச்சையில் அதனைப் பயன்படுத்தினார். மூச்சுத் தசையும் செயலிழக்கும் என்பதால் அக்குலத்து மருந்துகள் மயக்க மருத்துவரின் கண்காணிப்பை விட்டு வெளியே வருவதில்லை. நாம் கடையில் சீட்டுக் கொடுத்து வாங்குபவை மற்றொரு குலம். அவற்றுட் பெரும்பாலானவை தசையைத் தொடுவதே இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படுகின்றன.

இந்த இரண்டாம் குலத்தின் கதை ஃபிராங்க் பெர்கர் என்பவரோடு பின்னிக் கிடக்கிறது. 1913இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்த யூதர், மருத்துவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். போர்க்காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் அவர் தேடிக்கொண்டிருந்தது தசை மருந்தையன்று. பெனிசிலின் மருந்தைக் கெடுக்கும் பாக்டீரியாக்களை அழிக்கவல்ல ஒரு வேதிப்பொருளைத்தான். அவ்வாறு செய்து பார்த்தவற்றுள் ஒன்றான மெஃபெனெசினை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் தசைகள் தளர்ந்து துவண்டன. ஆனால் நினைவு தப்பவில்லை. அதோடு ஒருவகை அமைதியும் அவற்றிடம் காணப்பட்டது. 1946இல் வெளியான ஆய்வுரையில் இவ்விளைவு பதிவாயிற்று. தசைக்கென்று அறியப்பட்ட மருந்து உள்ளத்தையும் தொடுகிறது என்பதே அதன் சாரம்.

மெஃபெனெசின் உடலில் நெடுநேரம் தங்கவில்லை. அமெரிக்கா சென்ற பெர்கர், பெர்னார்ட் லுட்விக் என்னும் வேதியியலாளருடன் சேர்ந்து 1950இல் மெப்ரோபமேட்டை உருவாக்கினார். 1955இல் அது 'மில்டவுன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. நியூ ஜெர்சியிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. தசைக்கான தேடலில் பிறந்த மருந்து கவலைக்கான மாத்திரையாகி, அமெரிக்கா முழுவதும் அலைபோலப் பரவியது. 'மில்டவுன் தீர்ந்துவிட்டது' என்று கடைக்காரர்கள் அறிவிப்புத் தொங்கவிட்டார்கள். தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் அதனை வைத்துச் சிரிக்கவைத்தார்கள். 1958இல் மருத்துவர் மாநாடு ஒன்றில் இம்மருந்துக்காகவே ஒரு கலைக்கூடத்தை அமைத்துத் தந்தவர் சால்வடார் டாலி.

இனித்தான் இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய பெயர் வருகிறது. மெப்ரோபமேட்டின் மூலக்கூறைச் சற்றே மாற்றி, தசைக்கு மேலும் ஏற்றதாகவும் பழக்க அடிமைத்தனம் குறைந்ததாகவும் இருக்கும் என்ற நம்பிக்கையில் காரிசோப்ரடால் உருவாக்கப்பட்டது. 1959இல் விற்பனைக்கு வந்த அதற்குச் சூட்டப்பட்ட வணிகப் பெயர் 'சோமா'. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் பாடிப் போற்றும் பானத்தின் பெயர் அது. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி தம் நாவலில், குடிமக்களைச் சிந்திக்கவிடாமல் மகிழ்ச்சியில் ஆழ்த்த அரசு வழங்கும் மாத்திரைக்கு இட்ட பெயரும் அதுவே. எச்சரிக்கையாக எழுதப்பட்ட ஒரு சொல், கால் நூற்றாண்டு கழித்து மருந்துப் புட்டியின் மேல் ஒட்டப்பட்டது.

ஹக்ஸ்லியின் நாவலில் சோமம் பின்விளைவு அற்றதாகப் புகழப்படுகிறது. நிஜச் சோமத்துக்கு உண்டு. காரிசோப்ரடால் ஈரலில் உடைந்து மீண்டும் மெப்ரோபமேட்டாகவே மாறுகிறது. தவிர்க்க நினைத்த பழைய மருந்து உடலுக்குள்ளேயே திரும்பப் பிறக்கிறது. பழக்கத்துக்கு ஆளாக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2007இல் அதனைச் சந்தையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்கா 2012 தொடக்கத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. காரிசோப்ரடாலையும் டேபென்டடால் என்னும் ஓபியாய்டு வலிநீக்கியையும் கலந்து இங்கே தயாரான மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் போதைப்பொருளாக விலைபோவது வெளிச்சத்துக்கு வந்தபின், 2025 பிப்ரவரியில் அக்கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளைத் திரும்பப் பெற இந்திய அரசு உத்தரவிட்டது. இங்குள்ள மருந்தாலைக்கும் அங்குள்ள இளைஞனின் துவண்ட உடலுக்கும் இடையே எந்த மருத்துவர் சீட்டும் இருக்கவில்லை.

தசைத் தளர்த்திகள் எல்லாம் தீயவை என்று சொல்ல வரவில்லை. கடும் பிடிப்பில் சில நாட்களுக்கு அவை உதவக்கூடும். காரிசோப்ரடாலுக்கு இரண்டு மூன்று வாரங்களே எல்லை. ஆனால் அவை தரும் நிம்மதியிற் பெரும்பகுதி மூளை மந்தப்படுவதால் வருவது என்பதை மறத்தல் ஆகாது. உறக்கச் சடைவு, தலைசுற்றல், வண்டி ஓட்டுகையில் தடுமாற்றம், முதியோர் கால் இடறி விழுதல் எல்லாம் அதன் மறுபக்கம். மதுவோடோ ஓபியாய்டு மருந்துகளோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உடலின் இறுக்கமும் மனத்தின் இறுக்கமும் உறவுடையவை என்று மொழி முன்பே அறிந்திருந்தது. பெர்கரின் எலிகள் அதற்குச் சான்று கூறின. ஆயின் இறுக்கம் ஏன் வந்தது என்ற கேள்வியை எந்த மாத்திரையும் கேட்பதில்லை. பகலெல்லாம் மூட்டை சுமப்பவன் முதுகிலும் கடன்பட்டவன் கழுத்திலும் ஏறி நிற்பது தசைப்பிடிப்பு மட்டுமன்று. தளர்த்துவது மருந்தின் வேலை; அக்கேள்வியைக் கேட்பது நம் வேலை.