கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் செவிலியரின் தொடர்பணியும்

ஓரிடத்தில் நிலைகொள்ளாமை, எடுத்ததை முடிக்கவிடாத கவனச் சிதறல், பின்விளைவை எண்ணாமல் செயலில் இறங்கும் அவசரம் ஆகியவை குழந்தையின் வயதுக்குப் பொருந்தாத அளவில் குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அதன் வாழ்வைப் பாதிக்கும்போது, மருத்துவம் அதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) என வரையறுக்கிறது. இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதனை உறுதிசெய்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் தரும் விவரங்களே நோயறிதலின் அடிப்படை.

இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய 30 நிலைகளுள் இக்குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழுவில் செவிலியருக்கும் இடமுண்டு. ஆயினும் அக்குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் செல்வதே ஏற்பாடு. பார்வைக் குறையைக் கண்டறிய இது போதலாம். ஆண்டுக்கணக்கில் உடன்வரும் ஒரு குறைபாட்டுக்கு இது போதாது. கண்டறிதலுக்குப் பிந்தைய தொடர்பணியே செவிலியரின் தலையாய பொறுப்பாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்பணி பெரும்பாலும் தாயிடமிருந்து தொடங்குகிறது. குழந்தையின் ஓயாத சேட்டைக்கு ‘வளர்த்த லட்சணம்’ என்று உறவினர் தாயையே குறைகூறுவது நம் குடும்பங்களில் வழக்கம். மரபின் பங்கு பெரிது என்று இரட்டையர் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருப்பதை மாமியார், கணவர் ஆகியோர் முன்னிலையிலேயே செவிலியர் எடுத்துரைப்பது, எந்த மாத்திரையும் தராத ஆறுதலாகும். மரபுவழியது என்பதால் பெற்றோருள் ஒருவருக்கும் இதே கவனச் சிதறல் இருக்கக்கூடும். ஆகவே வாய்மொழியாகப் பத்து அறிவுரை சொல்வதைவிட, குழந்தையின் அருகில் சென்று பெயர் சொல்லி அழைத்து ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லவேண்டும் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதே பயன்தரும்.

மருந்தைப் பொறுத்தவரை, பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 5 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியையே முதல் சிகிச்சையாக்குகிறது. இக்குறைபாட்டுக்குத் தரப்படும் மீத்தைல்பெனிடேட் மருந்தை உட்கொள்ளும் குழந்தைகளுள் 10 வயது வரையினருக்கு 3 மாதங்களுக்கொருமுறை எடையையும், அனைவருக்கும் 6 மாதங்களுக்கொருமுறை உயரத்தையும் அளக்கச் சொல்கிறது. இம்மருந்தால் பகலில் பசி மந்தமாவதால் காலை உணவு முடிந்தபின் மாத்திரை தரவும், பசி திரும்பும் மாலையில் வயிறாரச் சாப்பிடவைக்கவும் கற்றுத்தருபவர் செவிலியரே.

பள்ளியில் நிலைமை கடினமானது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்க, ஏ.டி.எச்.டி. தனித்து இடம்பெறவில்லை. முன்வரிசை இருக்கை, பாடத்துக்கிடையே எழுந்து நடக்கச் சிறு இடைவேளை போன்றவை ஆசிரியரின் மனமுவந்த ஒத்துழைப்பையே சார்ந்திருப்பதால், அவரிடம் நேரில் பேசும் செவிலியரின் சொல்லுக்கு எடை கூடுகிறது.

செவிலியரின் பணிச்சுமை ஏற்கெனவே மிகுதி என்னும் மறுப்பு நியாயமானதே. எனினும் எடை பார்க்கும் அதே சந்திப்பில் உறக்கம், பசி, வகுப்பறை நிலை பற்றி வினவுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இக்குழந்தைகளின் பட்டியல் குறிப்பிட்ட ஒரு செவிலியரின் பொறுப்பில் விடப்படுவதும், அதற்கென வாரத்தில் ஒரு பொழுது ஒதுக்கப்படுவதுமே வேண்டும்.