தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு: மிஸ்ஸிசாகா 1979, லாக்-மெகான்டிக் 2013

இன்னிக்கு ரெண்டு சரக்கு ரயிலோட கதை. ரெண்டுமே கனடாவில் நடந்தது.

1979 நவம்பர் 10, சனிக்கிழமை. டொரான்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மிஸ்ஸிசாகா. நம்மளக் கேட்கிறவங்கள்ல சில பேர் அங்கதான் இருக்கீங்க, அதனால மேவிஸ் ரோடு தெரிஞ்சிருக்கும். ராத்திரி 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, 106 பெட்டி கொண்ட ஒரு ரயில் அந்த லெவல் கிராசிங்கில் தடம் புரண்டது. புரோப்பேன் டேங்கர்கள் வெடிச்சு, அந்த வெளிச்சம் 100 கிலோமீட்டர் தாண்டியும் தெரிஞ்சதாம். ஆனா அதிகாரிகளோட பெரிய பயம் நெருப்பு இல்ல. கவிழ்ந்து கிடந்த பெட்டிகளுக்கு நடுவுல ஒரு டேங்கர்ல 90 டன் குளோரின். முதல் உலகப் போர்ல பதுங்குகுழிகளுக்குள்ள அனுப்பின அதே வாயு. காத்தைவிட கனம். மேல போகாது, தரையோட தரையா ஊருக்குள்ள தவழ்ந்து வரும்.

காரணம் என்னன்னு பார்த்தா எரிச்சலா இருக்கும். 33-வது பெட்டியோட ஆக்சில்ல பழைய ரக பேரிங், எண்ணெயிலயே சுத்துறது. எண்ணெய் வத்திப்போச்சு. ஆக்சில் பழுக்கக் காய்ஞ்சு, ஓடிட்டிருக்கும்போதே சக்கரத்தோட கழண்டு விழுந்துருச்சு. எண்ணெய் ஊத்தத் தேவையில்லாத ரோலர் பேரிங், சூடான ஆக்சிலைக் கண்டுபிடிக்கிற கருவி, ரெண்டுமே அப்ப புதுசு இல்ல. கட்டாயம் இல்ல, அவ்வளவுதான்.

அந்த ரயில்ல பிரேக்மேனா இருந்தவருக்கு 27 வயசு. என்னைவிட சின்னவர். இன்ஜின் டிரைவர் அவரோட மாமனார். இவர் நெருப்பை நோக்கி நடந்து போய், தடம் புரளாம நின்ன 32-வது பெட்டியோட காத்துக் குழாய் வால்வை மூடினார். அதுக்கப்புறம்தான் முன்பக்கப் பெட்டிகளோட இன்ஜினை நகர்த்த முடிஞ்சது. எரியிற இடத்துல இன்னும் 32 பெட்டி நின்னிருந்தா?

மேயர் ஹேசல் மெக்காலியன் பதவிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரே நாள்ல 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேத்தினாங்க, ஆஸ்பத்திரி நோயாளிகள், முதியோர் இல்லத்துல இருந்தவங்க உட்பட. குளோரின் கசிவை அடைச்சு எல்லாரும் வீடு திரும்ப ஒரு வாரம் ஆச்சு. ஒரு உயிர் கூடப் போகல.

நீதிபதி சாமுவேல் கிரேஞ்ச் விசாரிச்சார். ரோலர் பேரிங் வேணும், கருவி வேணும், ஊருக்குள்ள வேகம் குறையணும்னு பரிந்துரைச்சார். 1980-ல் அபாயகரமான சரக்குப் போக்குவரத்துக்குன்னே கனடாவுல தனிச் சட்டம் வந்துச்சு. இதுவரைக்கும் நல்ல கதை.

2001-ல் இன்னொரு மாற்றம். ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன்னோட ஆபத்துகளைத் தானே கணிச்சு, பாதுகாப்பு நடைமுறையைத் தானே எழுதி வைக்கணும். அரசு அதைத் தணிக்கை பண்ணும். இந்த யோசனையே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு தண்டவாளத்தோட பலவீனம் அதுல தினமும் வண்டி ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். ஆனா தணிக்கை பண்ண ஆள் வரணும்ல?

2013 ஜூலை 5, வெள்ளிக்கிழமை ராத்திரி. கியூபெக் மாகாணத்துல நான்ட் என்கிற ஊர். எம்.எம்.ஏ. கம்பெனியோட ரயில், 72 டேங்கர் நிறைய கச்சா எண்ணெய், ஓட்டுறதுக்கு ஒரே ஒரு ஆள். அவர் மெயின் லைன்லயே, சரிவான இடத்துல வண்டியை நிறுத்தினார். 7 ஹேண்ட்பிரேக் போட்டார். அது தாங்குதான்னு சோதிச்சும் பார்த்தார், ஆனா இன்ஜினோட காத்து பிரேக்கை எடுக்காமலே. நம்ம பாஷையில சொன்னா, மாக் போட்டு ஓட்டின டெஸ்ட். பாஸ் ஆகத்தான் செய்யும்.

அவர் தூங்கப் போனதும் இன்ஜின்ல தீ. தீயணைப்பு வீரர்கள் அணைச்சாங்க, கூடவே இன்ஜினையும் நிறுத்தினாங்க. அவங்க முறைப்படிதான் செஞ்சாங்க. ஆனா இன்ஜின் நின்னா கம்பிரஸர் நிக்கும், காத்து மெல்ல மெல்லக் கசியும். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ரயில் தானா உருள ஆரம்பிச்சது. சுமார் 11 கிலோமீட்டர் இறக்கம். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்துல லாக்-மெகான்டிக் ஊர் நடுவுல போய் 63 டேங்கர் கவிழ்ந்தது. 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டினது. 47 பேர் செத்துப்போனாங்க.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் அறிக்கை கொடுத்தது. குறைஞ்சது 17 ஹேண்ட்பிரேக் வேணும்னு அதுல இருக்கு. ஆனா என்னை உலுக்கினது வேற ஒரு வரி. அந்தக் கம்பெனி பாதுகாப்பு நடைமுறையை எழுதி வச்சது 2002-ல். அரசு அதை முதல் தடவையா தணிக்கை பண்ணினது 2010-ல். எட்டு வருஷம். அது மட்டுமில்ல, அந்த எண்ணெய் சுலபமா தீப்பிடிக்கிற ரகம். பேப்பர்ல அதைவிட ஆபத்து குறைஞ்ச வகைன்னு போட்டிருந்தாங்க.

மூணு ஊழியர்கள் மேல வழக்கு நடந்து, 2018 ஜனவரியில விடுதலை ஆனாங்க.

விபத்துக்கு அப்புறம் 2013 நவம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு: எந்த அபாயகரமான சரக்கு ஊர் வழியா போகுதுன்னு ரயில் கம்பெனிகள் நகராட்சிகளுக்குச் சொல்லணும். பெரிய கம்பெனிகள் சொன்னா போதும்னு இருந்தது வருஷக் கணக்கு, அதுவும் ஏற்கனவே போய் முடிஞ்ச சரக்கோட மொத்தத் தொகை. மக்கள்கிட்ட வெளியிடவும் கூடாதுன்னு இருந்தது. இன்னிக்கு ராத்திரி வர்ற ரயில்ல என்ன இருக்குன்னு அந்தத் தாளை வச்சு ஒரு தீயணைப்பு நிலையம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

லாக்-மெகான்டிக்ல அந்த வருஷம் டிசம்பர்லயே ரயில் திரும்ப ஓட ஆரம்பிச்சது, ஊருக்கு நடுவுலயே. ஊரைச் சுத்திப் புதுப் பாதை போடுறோம்னு 2018-ல் கனடா அரசும் கியூபெக் அரசும் அறிவிச்சாங்க. அந்தப் பாதை வந்தா எங்க நிலத்தடி நீர் என்ன ஆகும்னு கேட்டு, பக்கத்து ஊர் ஃப்ரான்டெனாக் மக்கள் 2023-ல் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையா வேண்டாம்னு சொன்னாங்க.