கொள்ளைநோய்ச் சட்டமும் குடிமக்களும்: 1897 முதல் 2024 வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தனிமனித உரிமை எங்கு முடிகிறது, பொதுநலப் பொறுப்பு எங்குத் தொடங்குகிறது, அவ்விரண்டிற்கும் இடையே அரசு எந்த அளவிற்குத் தலையிடலாம் என்னும் வினாக்கள் அமைதிக் காலத்தில் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுபவை. கொள்ளைநோய்க் காலத்திலோ அவை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. நோயுற்றவரை வீட்டிலிருந்து பிரிக்கலாமா, பயணத்தைத் தடுக்கலாமா, உடலைச் சோதிக்கலாமா, இறந்தோரின் அடக்கத்தை முறைப்படுத்தலாமா என்பன அப்போது அன்றாட வினாக்களாகின்றன. இந்தியாவில் இவற்றிற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக விடையாக நின்றது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமாகும். அச்சட்டம் பிறந்த சூழலையும், செயற்பட்ட முறையையும், 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் அது மீண்டும் கையாளப்பட்டதையும் ஒப்புநோக்கி, உரிமை, பொறுப்பு, அதிகாரம் ஆகிய மூன்றின் உறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் வருகையும் சட்டத்தின் தோற்றமும்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் துறைமுகப் பகுதியான மாண்ட்வியில் பிளேக் நோய் இருப்பதை மருத்துவர் அகாசியோ காப்ரியேல் வியேகாஸ் கண்டறிந்தார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த அப்பகுதியிலிருந்து நோய் நகரெங்கும் பரவியது. மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். அவர்களோடு நோயும் பிற ஊர்களுக்குச் சென்றது. ஐரோப்பிய நாடுகள் இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களைத் தடுக்கக்கூடும் என்ற அச்சம் ஆங்கிலேய அரசிற்கு எழுந்தது. பிளேக் நோயைப் பற்றி ஆராய 1897இன் தொடக்கத்தில் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பம்பாயிலிருந்து புறப்படும் ஹஜ் பயணமும் அவ்வாண்டு நிறுத்தப்பட்டது.

இந்நிலையில், 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு வணிகத்தைக் காக்கும் நோக்கமும் இச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது என்பது கருதத்தக்கது.

சட்டத்தின் அமைப்பு

இச்சட்டம் மிகச் சிறியது. தொடக்கத்தில் நான்கே பிரிவுகளைக் கொண்டிருந்தது. முதற்பிரிவு பெயரையும் எல்லையையும் கூறுகிறது. இரண்டாம் பிரிவு, நடப்பிலுள்ள சட்டங்கள் போதா என அரசு கருதினால், தேவை எனத் தோன்றும் எந்த நடவடிக்கையையும் எடுக்க அதிகாரம் வழங்குகிறது. இருப்புப்பாதைப் பயணிகளைச் சோதித்தல், நோய் உடையோர் என ஐயுறப்படுவோரைப் பிரித்து வைத்தல் ஆகியவை அதில் வெளிப்படையாகச் சுட்டப்படுகின்றன. மூன்றாம் பிரிவு, ஆணையை மீறுவோரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்க வழிசெய்தது. நான்காம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செயற்பட்டவர்மீது வழக்குத் தொடரலாகாது எனப் பாதுகாப்பு அளிக்கிறது.

சட்டம் கூறியவற்றினும் கூறாது விட்டவையே ஆய்வுக்குரியவை. 'ஆபத்தான கொள்ளைநோய்' என்றால் என்ன என்பதற்கு அதில் வரையறை இல்லை. பிரித்து வைக்கப்பட்டவர் எத்தனை நாளில் விடுவிக்கப்பட வேண்டும், ஆணை தவறானது எனக் கருதுபவர் யாரிடம் முறையிட வேண்டும், பிரித்து வைக்கப்படும் இடத்தில் உணவும் மருத்துவமும் தருவது யாருடைய கடமை என்பவற்றிற்கும் விடை இல்லை. குடிமகன் அரசிற்குச் செய்ய வேண்டியது சொல்லப்பட்டது. அரசு குடிமகனுக்குச் செய்ய வேண்டியது சொல்லப்படவில்லை.

புனேயில் சட்டம் செயற்பட்ட முறை

இச்சட்டத்தின் இயல்பு முழுமையாக வெளிப்பட்ட இடம் புனே ஆகும். அங்குப் பிளேக் தடுப்புக் குழுவின் தலைவராக டபிள்யூ. சி. ராண்ட் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் அமர்த்தப்பட்டார். 1897 மார்ச்சு முதல் மே வரை படைவீரர்கள் வீடுவீடாகச் சோதனை நடத்தினர். நோயுற்றோர் மருத்துவமனைக்கும், அவரோடு இருந்தோர் தனி முகாமிற்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பொருள்கள் எரிக்கப்பட்டன. சமையலறைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் படைவீரர் நுழைந்ததும், பெண்களின் உடல் சோதிக்கப்பட்டதும் மக்களிடம் பெருஞ்சினத்தை விளைவித்தன.

இம்முறைகளின் அறிவியல் அடிப்படையும் அன்று உறுதிப்படாத ஒன்றே. பிளேக் நுண்ணுயிரை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும், அந்நோய் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்பதைப் பால் லூயி சிமோன் கராச்சியில் ஆய்வு செய்து கண்டது 1898இல்தான். அக்கருத்து அறிஞரிடையே ஏற்புப் பெற மேலும் சில ஆண்டுகள் ஆயின. புனேயில் மனிதரைத் துரத்திய காலத்தில், நோயைச் சுமந்த எலியின் பங்கு தெளிவாக அறியப்பட்டிருக்கவில்லை. அறிவு தெளிவதற்கு முன்னரே அதிகாரம் தன் முழு அளவில் செயற்பட்டது என்பதே இதன் பொருள்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் அது ஒரு கூறாகக் கொள்கிறது. புனே முகாம்கள் பிரித்தது இந்த நான்காம் கூறையே. நோயாளியை அவரைப் பேணுவோரிடமிருந்து அகற்றிய அரசு, அவ்விடத்தில் தான் நின்று பேணும் ஏற்பாட்டைப் போதிய அளவில் செய்யவில்லை. மருத்துவமனைக்குச் செல்வது சாவதற்கே என்ற எண்ணம் மக்களிடம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எதிர்ப்பும் பின்வாங்கலும்

1897 ஜூன் 22ஆம் நாள், விக்டோரியா அரசியின் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு விழா இரவில், ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டனர். இக்கொலைக்காகச் சாபேகர் சகோதரர்கள் பின்னர்த் தூக்கிலிடப்பட்டனர். இதனைத் தொடர்ந்து, 'கேசரி' இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காகப் பாலகங்காதர திலகர்மீது அரசத் துரோக வழக்குத் தொடரப்பட்டு, அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நோய்த்தடுப்பிற்காகப் பெற்ற அதிகாரத்தைக் குறைகூறிய எழுத்து, சிறிது காலத்திலேயே குற்றமாக எண்ணப்படும் நிலை உருவாயிற்று.

கோபால கிருஷ்ண கோகலேயின் பட்டறிவும் இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் இருந்தபோது, புனேயிலிருந்து வந்த மடல்களை நம்பிப் படைவீரரின் தகாத செயல்களை அவர் வெளிப்படுத்தினார். நாடு திரும்பியபின் அவற்றை மெய்ப்பிக்க இயலாமையால் மன்னிப்புக் கோர நேர்ந்தது. இதனை ஒரு தலைவரின் தவறு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முறையீட்டைப் பதிவு செய்து விசாரிக்கும் அமைப்பே இல்லாத இடத்தில், உண்மையும் வதந்தியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்தறியும் வழியைச் சட்டமே அடைத்துவிட்டது.

1898 மார்ச்சில் பம்பாயிலும், 1900 ஏப்ரலில் கான்பூரிலும் கலவரங்கள் நிகழ்ந்தன. படிப்படியாக அரசு தன் கடுமையைத் தளர்த்தியது. வீட்டுச் சோதனைக்குப் படைவீரரைப் பயன்படுத்துவது குறைந்தது. சமூகத் தலைவர்கள், உள்ளூர் மருத்துவர்கள் ஆகியோரின் துணை நாடப்பட்டது. ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியும் விரும்பி ஏற்போருக்கே என்னும் நிலை உருவாயிற்று. ஆனால், அதிகாரம் பின்வாங்கிய வேகத்தில் நோய் பின்வாங்கவில்லை. அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடி அளவிலான மக்கள் பிளேக்கினால் மாண்டனர். வன்முறையாகத் தொடங்கிய அதிகாரம், மக்கள் நம்பிக்கையை இழந்தபின் செய்ய வேண்டியவற்றையும் செய்ய இயலாத நிலையை அடைந்தது.

தென்னகத்திலும் இதன் தடங்கள் உள. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் கோயில்கள் எழுந்தன. இவை, அரசின் ஆவணங்களில் இடம்பெறாத மக்கள் அச்சத்தின் சான்றுகளாகும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். நோய்த்தடுப்பின் சுமை, மறுத்துப் பேச இயலாதோர்மீதே மிகுதியாக விழுந்தது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பொறுப்பின் மற்றொரு முகம்

அதிகாரத்தை எதிர்த்தோர் அனைவரும் பொதுப் பொறுப்பை மறுத்தவர் அல்லர். ஆட்சியாளரைக் கடுமையாகத் தாக்கிய திலகரே புனேயில் நோயாளர்க்கென மருத்துவமனை அமைப்பதில் ஈடுபட்டார். நகரைவிட்டு ஓடிய தலைவர்களையும் கண்டித்தார். சாவித்திரிபாய் புலே தம் வளர்ப்பு மகனும் மருத்துவருமான யஷ்வந்துடன் சேர்ந்து புனேயின் புறத்தே நோயாளர்க்குத் தொண்டாற்றினார். அத்தொண்டின்போதே நோய் தொற்றி, 1897 மார்ச்சு 10ஆம் நாள் மறைந்தார். படைவீரரின் வீட்டுச் சோதனை அந்நகரில் நடைபெற்றதும் அதே மார்ச்சு மாதத்தில்தான். ஒரே நகரில், ஒரே மாதத்தில், ஒரே நோய்க்கு எதிராக இருவகைச் செயல்கள் நிகழ்ந்தன. ஒன்றில் நோயாளி ஐயத்திற்குரியவராகவும், மற்றொன்றில் பேணத்தக்கவராகவும் கருதப்பட்டார். பொதுப் பொறுப்பு என்பது ஆணைக்குக் கீழ்ப்படிதல் மட்டுமன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

விடுதலைக்குப் பின்னும் 2020ஆம் ஆண்டும்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை 19ஆம் உறுப்பிலும், உயிர்வாழ்வு மற்றும் தனிமனித விடுதலைக்கான உரிமையை 21ஆம் உறுப்பிலும் உறுதி செய்தது. பொதுமக்கள் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடமளித்தது. இவ்வாறு குடிமகனின் நிலை மாறியபோதும், குடியேற்ற ஆட்சியில் எழுந்த கொள்ளைநோய்ச் சட்டம் பெரிதும் மாற்றமின்றித் தொடர்ந்தது. இதனோடு ஒப்பிட, 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவுநீர், நோய் அறிவிப்பு முதலியவற்றையும் உள்ளடக்கிய விரிவான சட்டம் என்பது குறிப்பிடத்தக்கது.

2020 மார்ச்சு 11ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பயன்படுத்துமாறு மாநிலங்களுக்கு நடுவண் அரசு அறிவுறுத்தியது. மார்ச்சு 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பிற்கும் நடைமுறைக்கும் இடையே சில மணி நேரமே இருந்தது. வேலையும் இருப்பிடமும் இழந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். பிரித்து வைப்பவர் பேணவும் கடமைப்பட்டவர் என்னும் கருத்து 1897இல் விடுபட்டது போலவே இங்கும் பின்தங்கியது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் இச்சிக்கலின் இரு புறங்களையும் காட்டுகின்றன. 2020 ஏப்ரலில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டத்தினர் தாக்குதல் நடத்தினர். அதன்பின், இத்தகைய அடக்கத்தைத் தடுப்போர்க்குச் சிறைத் தண்டனை வழங்கும் அவசரச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அச்சம் கொண்ட கூட்டமும் தனிமனிதரின் மாண்பைச் சிதைக்க வல்லது. அந்நிலையில் அரசின் தலையீடு தேவையாகிறது என்பதை இது காட்டுகிறது. அதே ஆண்டு ஜூனில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்த நிலையில் உயிரிழந்தனர். நடுவண் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டியது. உயிரைக் காக்க என விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டின் பெயரால் இரு உயிர்கள் பறிபோயின. தலையிடும் அரசைக் கண்காணிப்பது யார் என்னும் வினாவை இது எழுப்புகிறது.

2020 ஏப்ரல் 22ஆம் நாள் நடுவண் அரசு அவசரச் சட்டத்தின் வழிக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. செப்டம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரையும், கொடுங்காயம் விளைவிப்போர்க்கு ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்க அத்திருத்தம் வழிசெய்தது. இது தேவையான திருத்தமே. எனினும், நோயாளியின் உரிமைகள் பற்றிய அமைதி அதனால் நீங்கவில்லை.

நீதிமன்றம் வகுத்த அளவுகோல்

சட்டம் விட்ட இடைவெளியை நீதித்துறை ஓரளவு நிரப்பியுள்ளது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்ட அடிப்படையும், முறையான நோக்கமும், நோக்கத்திற்கு மிகாத அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பினின்று பெறப்படும் அளவுகோலாகும். 2022 மே 2ஆம் நாள் தடுப்பூசி தொடர்பான வழக்கில், எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி செலுத்தலாகாது என நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு, தடுப்பூசி செலுத்திக்கொள்ளாதோர்மீது அளவான கட்டுப்பாடு விதிக்க அரசிற்கு உரிமை உண்டு என்றும் ஏற்றது. உடலின்மீதான உரிமை தனிமனிதருக்குரியது; பிறருக்குத் தீங்கு நேராமற் காக்கும் பொறுப்பு அவருக்கும் அரசிற்கும் பொதுவானது என்னும் சமநிலை இதில் காணப்படுகிறது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 286ஆம் அறிக்கை, 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய தேவைகளுக்குப் போதாது எனக் கண்டு, விரிவான திருத்தத்தையோ புதிய சட்டத்தையோ பரிந்துரைத்தது. 127 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த இப்பரிந்துரை, புனே எழுப்பிய வினாக்கள் தீர்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் தனிமனித உரிமை எல்லையற்றதாக இருத்தல் இயலாது; அடக்கத்தைத் தடுத்த கூட்டம் இதற்குச் சான்று. அரசின் அதிகாரமும் எல்லையற்றதாக இருத்தல் ஆகாது. புனேயும் சாத்தான்குளமும் இதற்குச் சான்று. வரையறை, காலவரம்பு, முறையீட்டு வழி, பேணும் கடமை ஆகிய நான்கும் இல்லாத அதிகாரம் மக்கள் நம்பிக்கையை இழக்கிறது. நம்பிக்கையை இழந்தபின் நல்ல மருந்தும் மக்களைச் சென்றடைவதில்லை.

வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகியவற்றை அடுத்து, குடிகள் அஞ்சும் செயல்களைச் செய்யாதிருத்தலை 'வெருவந்தசெய்யாமை' எனத் தனி அதிகாரமாக வைத்தார். நல்ல நோக்கமுடைய ஆட்சியும் அச்சத்தால் ஆளுமாயின் தன் நோக்கத்தையே இழக்கும் என்பதைக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் வரலாறு மெய்ப்பிக்கிறது. இனி இயற்றப்படும் சட்டம் குடிமகனின் கடமையைக் கூறும் அதே வரிசையில் அரசின் கடமையையும் கூறுமாயின், புனேயின் பட்டறிவு வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.