‘மரபு’ என்னும் சொல்லின் வயது: ராஸ்பெர்ரி இலையின் மருத்துவ வரலாறு

மேலை நாடுகளில் பேறுகாலத்தை நெருங்கும் பெண்களுக்குச் சொல்லப்படும் மூலிகைகளுள் ராஸ்பெர்ரி இலைத் தேநீர் முன்வரிசையில் நிற்கிறது. அதனைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் முன்வைக்கும் சான்று ஆய்வு முடிவு அன்று, தொன்மை. ‘நெடுங்காலமாகப் பெண்கள் அருந்தி வந்தது, ஆகவே தீங்கற்றது’ என்பதே வாதம். இவ்வாதத்தின் முற்பகுதி எவ்வளவு உண்மை என்பது வரலாற்றுக் கேள்வி.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் மருந்துப் பொருள்களைத் தொகுத்த டயோஸ்கோரிடீஸ், முட்செடியான பிளாக்பெர்ரியைப் ‘பாடோஸ்’ என்கிறார். அதன் கிளைகளைக் காய்ச்சிய நீர் வயிற்றுப்போக்கையும் பெண்களின் மிகைப்போக்கையும் நிறுத்தும். இலையை மென்றால் ஈறு உறுதிபெறும், வாய்ப்புண் ஆறும் என்பன அவர் தரும் பயன்களுள் சில. கி.பி. 512ஆம் ஆண்டளவில் கான்ஸ்டான்டிநோபிளில் அனிசியா ஜூலியானா என்ற அரசகுலப் பெண்ணுக்காக உருவான இந்நூலின் படி இன்று வியன்னாவில் உள்ளது. அதிலுள்ள முட்செடி ஓவியம் தாவர ஓவிய வரலாற்றில் புகழ்பெற்றது.

ராஸ்பெர்ரியை அவர் ‘ஐடா மலைப் பாடோஸ்’ எனத் தனியே பிரிக்கிறார். 1753இல் லின்னேயஸ் இட்ட ‘ரூபஸ் ஐடேயஸ்’ என்ற பெயரில் அம்மலை இன்னும் நிற்கிறது. ஆனால் அவரது குறிப்பில் மகப்பேறு இல்லை. இவ்விரு செடிகளுக்கும் அவர் கூறும் பயன்களில் மேலோங்கி நிற்பது துவர்ப்பின் தொழில்: கசிவதை நிறுத்துதல், தளர்ந்ததை இறுக்குதல். இலைகளில் டானின் மிகுதி என்ற பிற்கால வேதியியல் அறிவு இப்பழைய பயனோடு பொருந்துகிறது.

மகப்பேற்றுப் பயன் அச்சில் அழுத்தமாக இடம்பெறுவது மிகப் பின்னர். அதுவும் அட்லாண்டிக்கின் மறுகரையில். நியூ ஹாம்ப்ஷயரின் உழவர் குடும்பத்தில் பிறந்த சாமுவேல் தாம்சன் (1769–1843) பள்ளி மருத்துவக் கல்வி பெறாதவர். இளமையில் பென்டன் என்ற கைம்பெண்ணிடம் மூலிகை அறிந்தவர். 1813இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்று, குடும்பத்திற்கு 20 டாலர் என உரிமை விற்றார். 1822இல் வெளியான அவரது நூல், பேற்றுவலியின்போது ராஸ்பெர்ரி இலைக் கஷாயத்தை உயர்வாகப் பரிந்துரைக்கிறது. 1830களின் இறுதியில் அல்பர்ட் ஐசையா காஃபின் இம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். வடபகுதி ஆலை நகரங்களின் தொழிலாளரிடையே அது வேரூன்றியது. மருத்துவச்சிகளின் வாய்மொழி அறிவாக இது முன்பே இருந்திருக்கலாம். ஆனால் ‘இருந்திருக்கலாம்’ என்பது சான்றன்று; பெண்களின் அறிவு ஆண்களின் நூல் வழியாக மட்டுமே வரலாற்றில் பதிவாவதன் விளைவு அது.

1941இல், போர்க்காலத்தில், பர்ன், விதெல் ஆகிய இருவரும் கருப்பைத் தசையைத் தளர்த்தும் கூறு ஒன்று இவ்விலையில் உண்டு என ‘லான்செட்’ இதழில் எழுதினர். அதே ஆண்டு ஒயிட்ஹவுஸ் ‘ஃப்ரகாரின்’ என்ற பெயருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்ட்ராபெர்ரியின் பேரினப் பெயரான ‘ஃப்ரகாரியா’வை நினைவூட்டும் இப்பெயர் நிலைத்தது, அது சுட்டும் தனிப்பொருள் உறுதிப்படவில்லை. 1954இல் பெக்கெட் முதலியோர் தசையைத் தூண்டுவது, தளர்த்துவது என எதிரெதிரான கூறுகள் இலையில் இருப்பதைக் காட்டினர். 1970இல் வெளிவந்த ஆய்வு, கருவுறாத நிலையிலும் கருவுற்ற நிலையிலும் இலைச்சாறு வெவ்வேறாகச் செயல்படுவதைக் கண்டது.

ஆஸ்திரேலியாவில் 192 பெண்களிடம் நிகழ்ந்து 2001இல் வெளியான சோதனையில், 32ஆம் வாரம் முதல் 1.2 கிராம் மாத்திரை நாளுக்கு இருமுறை தரப்பட்டது. பேற்றின் முதற்கட்டம் குறுகவில்லை. இரண்டாம் கட்டம் சராசரியாக 9.59 நிமிடம் குறைந்தது. ஆயுதப் பேறு 30.4 விழுக்காட்டுக்கு மாறாக 19.3 விழுக்காடாக இருந்தது. இச்சிறு எண்ணிக்கை நம்பிக்கைக்கு இடம் தரலாம். தீர்ப்புக்கு இடம் தராது.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் ‘மரபு மூலிகை மருந்து’ எனப் பதிய 30 ஆண்டுப் பயன்பாடு போதும். அதில் 15 ஆண்டு ஒன்றியத்திற்குள் இருக்க வேண்டும். அவ்வகையில் ராஸ்பெர்ரி இலை மாதவிடாய்ப் பிடிப்பு, வாய் தொண்டை அழற்சி, இலேசான வயிற்றுப்போக்கு ஆகியவற்றிற்கு ஏற்கப்பட்டுள்ளது. போதிய தரவு இன்மையால் கருவுற்ற காலத்தில் பரிந்துரைக்கப்படவில்லை. ஜெர்மனியின் மூலிகை ஆணையமும் பிளாக்பெர்ரி இலையை வயிற்றுப்போக்கிற்கு ஏற்று, ராஸ்பெர்ரி இலையை ஏற்காமல் விட்டது.

ஆக, ஒரே செடிக்கு இரு வரலாறுகள் உள்ளன. வாய்க்கும் வயிற்றுக்கும் உரிய துவர்ப்பு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பதிவுடையது. மகப்பேற்றுத் தேநீரின் அழுத்தமான பதிவு ஏறத்தாழ 200 ஆண்டுக்குட்பட்டது. முன்னதன் வயதைப் பின்னதற்கு ஏற்றிச் சொல்வதே ‘தொன்மை மரபு’ என்ற தொடரின் வேலை. செடி தொன்மையானது என்பதால் அதன் ஒவ்வொரு பயனும் தொன்மையாகிவிடாது. கருவுற்ற பெண் ஒருத்தியின் பாதுகாப்பு அந்தத் தொடரை நம்பி நிற்கும்போது, ஒரு சொல்லின் வயதைக் கணக்கிடுவது சொல்லாராய்ச்சியோடு முடியும் வேலை அன்று.