ஏழைக்காக எழுந்த வினா

ஆட்சியாளரை மன்றத்தில் நிறுத்தி வினவும் வழக்கம் பிரிட்டனில் பணத்தைப் பற்றிய கவலையோடு தொடங்கிற்று. 1721இல் பிரபுக்கள் அவையில் எழுந்ததாகப் பதிவான முதல் வினா, தென்கடல் வணிகக் குழுமத்தின் காசாளர் நாட்டைவிட்டு ஓடியதைக் குறித்தது. ஏழையின் பசியைக் குறித்து அந்நாட்டு மக்களவையில் எழுந்தவற்றுள் நம் நெஞ்சைவிட்டு அகலாதது 1845 ஆகஸ்டு முதல் நாள் எழுந்த வினா.

ஆண்டோவர் என்னும் ஊரின் ஏழையர் விடுதியில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை அங்கிருந்தோருக்கு இடப்பட்டிருந்தது. அளந்து கொடுத்த உணவு போதாமல், அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மஜ்ஜையையும் அவர்கள் சண்டையிட்டுத் தின்கிறார்கள் என்பது உண்மையா என்று தாமஸ் வாக்லி வினவினார். அவர் மருத்துவர்; 1823இல் 'லான்செட்' மருத்துவ இதழைத் தொடங்கியவர்; மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தவர். பசித்த உடல் என்ன செய்யும் என்று அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாமோ, தம்மால் நம்ப முடியவில்லை என்றார். ஆயினும் விசாரிக்க இசைந்தார். செய்தி மெய்யென்று தெரிந்தது.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தை நடத்திய ஆணையர்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தார்கள். கேட்டால் எழுந்து பதில் சொல்ல அவர்களுள் ஒருவரும் அவையில் இல்லை. (கை கழுவத் தண்ணீர் கேட்பது பிலாத்துவோடு முடிந்துவிடவில்லை.) 1847இல் அந்த ஆணையம் போய், அவையில் பதில் கூறும் தலைவரைக் கொண்ட வாரியம் வந்தது.

உயிரோடிருக்கையில் பசி, அதற்கப்பால் அடக்கத்தைப் பற்றிய அச்சம். விடுதியில் இறந்து, உறவினர் எவரும் கேட்டு வராத உடலை 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி உடற்கூறு பயிலும் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே நல்லடக்கத்துக்கென்றே காசு சேர்த்துவைத்த ஏழைக் குடும்பங்கள் அங்கு ஏராளம். இறந்தோரை அடக்கம் செய்வதை, தோபித்தின் வழியில், இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணும் நமக்கு அந்த அச்சம் புரியாததன்று.

அது பழங்கதையாகவும் ஆகிவிடவில்லை. 2016இல் வேல்ஸின் ஸ்வான்சீ கிழக்குத் தொகுதி உறுப்பினராக இருந்த கரோலின் ஹாரிஸ், 1989இல் சாலை விபத்தில் எட்டு வயது மகனை இழந்தவர். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கிய தாய். 2016இல் அத்துயரை அவையிலேயே எடுத்துரைத்து, பிள்ளையைப் புதைக்க வரும் பெற்றோரிடம் கட்டணம் கேட்கலாமா என்று அரசை விடாது வினவினார். வேல்ஸில் 2017இல் கட்டணம் நீங்கிற்று. 2018 உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி, இங்கிலாந்துக்கும் அவ்வாறே ஒரு நிதியைப் பிரதமர் தெரசா மே அறிவித்தார். அறிவிப்பு செயலாக மேலும் பதினைந்து மாதங்கள் தேவைப்பட்டன. கட்டணம் வாங்கிய ஊர்களில் பெற்றோர் அதுவரை செலுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 2019 ஜூலை 23 முதல், 18 வயது நிரம்பாத பிள்ளையின் அடக்கத்துக்கும் தகனத்துக்கும் அங்கே பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 24 வாரங்களுக்குப் பின் இறந்து பிறக்கும் சிசுவுக்கும் அப்படியே. பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று கேட்பதும் இல்லை.